14 மாதக் குழந்தைக்கு எந்தப் பொம்மை நல்லது?

செல்லூர் அம்மா:
மதுரை தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, என் மகளுக்கு என் தம்பி விளக்கு எரியும் பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் அடிமூடி கழன்று, பொத்தான் அளவுள்ள பொட்டு பேட்டரி பாயில் உருண்டது. நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். மரச் செப்புச் சாமான் வாங்கித் தரலாமா?

அங்கன்வாடி அக்கா:
தாயி, அந்தப் பொம்மையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். பொட்டு பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செப்புச் சாமான் எனக்கும் உயிர்தான். ஆனால் அதிலுள்ள குட்டிக் கரண்டியும் மூடியும் இந்த வயதில் நேராக வாய்க்குத்தான் போகும். மூன்று வயது ஆகட்டும். கொலுவுக்கு வாங்கும் விளாச்சேரி மண் பொம்மையும் பார்ப்பதற்குத்தான், கடிப்பதற்கு அல்ல.

27 ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன்: இந்த வயதுக்குப் போட்டு எடுப்பதுதான் விளையாட்டு. ஒரு லோட்டா, நான்கு டம்ளர், வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்குச்சி கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று போகிறதா, ஏன் போகவில்லை என்று அரை மணி நேரம் ஆராய்ச்சி நடக்கும். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மையில் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது?

நடக்கத் தொடங்கிவிட்டாளா? மர நடைவண்டி வாங்குங்கள். ஆணி துருத்துகிறதா, சிம்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். டைல்ஸ் தரையில் வண்டி முன்னே ஓடிவிடும், பிள்ளை முகம் குப்புற விழும். சொரசொரப்பான சிமென்ட் வாசலில் விடுங்கள். நீங்களும் கூடவே நடங்கள்.

கடைக்காரர்:
அக்கா சொன்னது சரி. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரிப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்று தர எண் இருக்கும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்படாத பொம்மையை நான் கடையில் வைப்பதே இல்லை.

செல்லூர் அம்மா:
நன்றி அக்கா. காலையிலிருந்து லோட்டாவோடுதான் இருக்கிறாள். டம்ளர் சத்தத்தில் தாத்தாவின் தூக்கம் போய்விட்டது. நடைவண்டி வாங்கித் தருவதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆணிகளைத் தடவிப் பார்த்த பிறகே அவள் கையில் கொடுப்பேன்.