மாறுமுகப் புதைபடிவம்: டிரான்சிஷனல் ஃபாசிலுக்கு ஒரு பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் உயிரினக் குழு இன்னொன்றாக மாறிய காலத்தின் பண்புகளைக் காட்டும் புதைபடிவத்தை ஆங்கிலத்தில் டிரான்சிஷனல் ஃபாசில் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: விடுபட்ட கண்ணி, இடைநிலைப் புதைபடிவம், மாறுநிலைப் புதைபடிவம். ஏதாவது ஒரு புதைபடிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் எது பொருந்துகிறது என்று எளிதில் தெரிந்துவிடும். மீனின் பண்புகளும் காலுள்ள விலங்கின் பண்புகளும் கலந்த டிக்டாலிக் என்ற பழங்கால விலங்கை எடுத்துக்கொள்கிறேன்.

கனடாவின் வடகோடியில், நுனாவுட்டைச் சேர்ந்த எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்தது. நீல் ஷூபின், டெட் டேஷ்லர், ஃபரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோரின் குழு கண்டெடுத்து 2006இல் வெளியிட்டது. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு. தற்செயலாகக் கிடைத்ததில்லை. சுமார் 38 கோடி ஆண்டுப் பாறையில் மீன்கள் இருக்கின்றன, சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறையில் காலுள்ள விலங்குகள் இருக்கின்றன. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் உருவான ஆற்றுப்படிவுப் பாறை எங்கே வெளியில் தெரிகிறது என்று பார்த்துத்தான் அந்தப் பனிநாட்டுக்குப் போனார்கள். பெயரை அப்பகுதி இனுயிட் பெரியவர்களே கொடுத்தார்கள். பெரிய நன்னீர் மீன் என்று பொருள்.

அதன் உடலைப் பாருங்கள். செதிள் இருக்கிறது, செவுள் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது. சரி, மீன்தான். ஆனால் தலை முதலையினுடையதுபோல் தட்டை, கண்கள் உச்சியில். மீன்களில் செவுள் மூடியும் அதை ஒட்டிய எலும்புகளும் தலையைத் தோளோடு பிணைத்து வைக்கும். டிக்டாலிக்கில் அந்தப் பிணைப்பு இல்லை, அதாவது அதற்குக் கழுத்து இருக்கிறது. உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பியிருக்க முடியும். துடுப்புக்குள்ளே மேற்கைக்கு ஓர் எலும்பு, முன்கைக்கு இரண்டு, அப்புறம் மணிக்கட்டுக்கு உரிய சிறு எலும்புகள். நம் கையில் இருக்கும் அதே வரிசை. விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மீனின் துடுப்புக்கதிர்கள். மூன்று சொற்களையும் இந்த விலங்கின்மேல் ஒட்டிப் பார்ப்போம்.

‘விடுபட்ட கண்ணி’யைக் கைவிட்டுவிடலாம். போலந்தின் ஜாஹெல்மியே கல்குவாரியில் ஏறத்தாழ 39 கோடி ஆண்டு பழமையான தடங்களைக் கண்டு, இவை நாலுகால் விலங்கு நடந்தவை என்று 2010இல் ஒரு குழு எழுதியது. அதில் விவாதம் உண்டு. ஆனால் அது சரியென்றால், டிக்டாலிக் காலத்துக்கு முன்பே காலுள்ளவை இருந்திருக்கின்றன. டிக்டாலிக் நம் நேரடிப் பாட்டன் என்று யாரும் சொல்ல முடியாது. நெருங்கிய பங்காளி எனலாம். கண்ணி என்றால் சங்கிலி, சங்கிலி என்றால் ஒற்றை வரிசை. மாணவர்கள் மனத்தில் அந்தப் படம் பதிந்துவிட்டால் பிறகு அழிப்பது பெரும்பாடு.

> இடைநிலை என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் பழகிய சொல்

பழகியதுதான் சிக்கல். வேதியியலில் இடைநிலைத் தனிமங்கள், பள்ளியில் இடைநிலை ஆசிரியர், இலக்கணத்தில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே காலம் காட்டும் இடைநிலை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு: இடைநிலை என்றதும் அரைகுறை விலங்கு என்ற எண்ணம் வருகிறது. டிக்டாலிக் தன் ஆழமற்ற ஓடையில் முழுமையாக வாழ்ந்த விலங்கு. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகா என்ற பழங்கால நாலுகால் விலங்கும் அப்படியே. ஒரு கைக்கு எட்டு விரல்! ஆனாலும் உள்ளே செவுள் இருந்தது, பெரும்பாலும் நீரிலேயே வாழ்ந்தது என்று தொல்லுயிரியலாளர் ஜென்னி கிளாக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். தரைக்கு ஏறுவதற்காகக் கால் முளைக்கவில்லை. நீரில் இருந்தபோதே கால் வந்துவிட்டது.

‘மாறுநிலை’யை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம். ஒரே மாணவர் இரண்டு பாடத்தையும் படிக்கிறார்.

என் பரிந்துரை மாறுமுகம். ஏறுமுகம், இறங்குமுகம், வளர்முகம் என்ற வரிசையில் அமைந்தது. மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்லவில்லை. அந்த நடுநிலை இங்கே கட்டாயம் வேண்டும். 2022இல் அதே எல்ஸ்மியர் பாறைகளிலிருந்து கிக்கிக்டானியா என்ற இன்னொரு விலங்கை அறிவித்தார்கள். டிக்டாலிக்கின் நெருங்கிய உறவு. அதன் மேற்கை எலும்பில், உடலை ஊன்றித் தூக்கும் தசைகள் பற்றுவதற்கான முகடுகள் இல்லை. நீந்துவதற்கு ஏற்ற வழவழப்பான எலும்பு. கரைப்பக்கம் நகர்ந்த குடும்பத்தில் ஒன்று மறுபடி ஆழத்துக்குத் திரும்பியிருக்கிறது. இடைநிலை, முன்னேற்றம், தரையேற்றம் எதற்குள்ளும் இது அடங்காது. மாறுமுகத்துக்குள் அடங்கும்.

வேடம் மாறிய முகம் என்று படிக்கமாட்டார்களா என்று ஓர் அம்மா தனிமடலில் கேட்டிருந்தார். காய்ச்சல் இறங்குமுகம் என்னும்போது யாரும் முகத்தை நினைப்பதில்லை. வாக்கியத்தில் வந்தால் இதுவும் அப்படித்தான் படிக்கப்படும் என்று நம்புகிறேன். மாறுமுகப் பண்பு, மாறுமுக வடிவம் என்று தொடரவும் வசதி.

ஃபாசிலுக்குப் புதைபடிவமா, இலங்கை வழக்கான உயிர்ச்சுவடா என்பதை இங்கே தீர்க்க வேண்டாம். இந்தத் தலைப்புக்கு மட்டும் புதைபடிவத்தைக் கேட்கிறேன். போலந்தில் கிடைத்தவை காலடிச் சுவடுகள் என்றே சொல்லப்படுகின்றன. அவற்றை எலும்பிலிருந்து பிரித்துச் சொல்லச் சுவடு என்ற சொல் தேவைப்படும்.

டெட்ராபாடு, அதாவது நாலுகால் முதுகெலும்பிகளும் அவற்றின் வழிவந்தவையும் சேர்ந்த குழு, அதற்கும் ஒரு முடிவு வேண்டும். நாற்காலி என்பது வீட்டுச் சாமானுக்குப் போய்விட்டது. நாற்கால் விலங்கு என்றால் காலில்லாத பாம்பையும் இறக்கையுள்ள பறவையையும் அதில் சேர்க்கும்போது மாணவர் விழிப்பார். ‘நாற்கால் மரபின’ என்று வைத்தால் நான்கு கால் கொண்ட முன்னோரின் வழிவந்தவை என்ற பொருள் வருகிறது, பாம்பும் உள்ளே வந்துவிடுகிறது. ஒருமையில் ‘நாற்கால் மரபி’ என்று சொல்லலாமா, காதுக்கு ஒவ்வாமல் இருக்கிறதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.