குளியலறை மேடைக்குக் காஷ்மீர் ஒயிட்டா, ரஸ்டன்பர்க்கா?

சாட்ஸ்வர்த் மருமகள்:
குளியலறையை மாற்றுகிறோம். வாஷ்பேசினுக்கு 1.2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் கிரானைட் மேடை. எனக்குக் காஷ்மீர் ஒயிட் பிடித்திருக்கிறது; வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். வீட்டுக்காரரோ, ரஸ்டன்பர்க் சாம்பல் கல் நம்ம தென்னாப்பிரிக்கக் கல், அதுவே போதும் என்கிறார். மாமியார் வெள்ளி தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி மஞ்சள் பூசுகிறவர். எண்ணெய்க் கிண்ணம் அந்த மேடையில்தான் உட்காரும். எது தாங்கும்?

ஃபீனிக்ஸ் கல்லறுப்பவன்:
தங்கச்சி, எண்ணெய்க் கிண்ணம் என்றதுமே பதில் வந்துவிட்டது. கல் பட்டறையில் 22 வருஷம் இருந்தவன் நான். காஷ்மீர் என்பது பெயரில்தான், வெட்டுவது மதுரைப் பக்கம். அந்தச் சிவப்புப் புள்ளி கார்னெட் என்னும் கனிமம். அழகுதான், ஆனால் எண்ணெயைக் குடிக்கும். கல் உறிஞ்சாமலிருக்க சீலர் என்ற பூச்சு போடலாம், அப்புறம் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ரஸ்டன்பர்க் கல் உண்மையில் கிரானைட்டே இல்லை, கேப்ரோ என்ற வேறு பாறை வகை. நெருக்கமான கல், லேசில் எதையும் உறிஞ்சாது. என்னை நம்ப வேண்டாம். கல் விற்கும் யார்டில் இரண்டிலும் துண்டு கேட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். முழு ஸ்லாப் வாங்காதீர்கள், சமையலறை வேலையில் மிஞ்சிய துண்டே போதும். 20 மில்லிமீட்டர் கனத்தில் 36 கிலோ வரும். சுவரில் இரும்பு பிராக்கெட் அடிக்கச் சொல்லுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு அலமாரியை மட்டும் நம்பினால், ஈரத்தில் அது உப்பிப் போகும்.

டோங்காட் தம்பி:
கறுப்பு வாங்கினால் ஜாக்கிரதை அக்கா. எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் குழாயைச் சுற்றி வெளுத்துப்போனது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன், துணி கறுத்தது. சாயம் ஏற்றிய கல்!

சாட்ஸ்வர்த் மருமகள்:
சனிக்கிழமை போனோம். மாமியாரே நல்லெண்ணெய்க் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காஷ்மீரில் ஐந்து ரேண்ட் காசு அளவுக்குக் கறை இறங்கிவிட்டது. ரஸ்டன்பர்க்கில் துடைத்ததும் போயிற்று. 1.3 மீட்டர் மிச்சத் துண்டும் கிடைத்தது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணா, பேசினைக் கீழிருந்து ஒட்டலாமா?

ஃபீனிக்ஸ் கல்லறுப்பவன்:
தாராளமாக. ஓட்டையின் உள்விளிம்பையும் பாலிஷ் போடச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுவார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், கல்லுக்கென்று விற்கும் நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்கள். குழாய்க்கு ஓட்டையும் பட்டறையிலேயே போட்டுவிடுங்கள்.