மறு: மோக்சிபஸ்சன்: சுட்டிகையா, கணப்பா?

> 'சுட்டிகை' என்றே வைத்துவிடலாம். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஏற்கெனவே உள்ள சொல்தானே?

வணக்கம். மூலிகைப் பஞ்சை எரித்து அதன் சூட்டை உடம்பில் இறக்கும் சீன மருத்துவ முறையான மோக்சிபஸ்சனுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். சுட்டிகை அருமையான சொல்தான். ஆனால் காய்ச்சிய பொருளைத் தோலில் வைத்துச் சுடுவதற்கு உரியது அது. சீனத்தில் இன்று பரவலாகச் செய்வது வேறு. மூலிகைப் பஞ்சைத் தாளில் இறுகச் சுருட்டி, நுனியைப் பற்றவைத்து, தோலிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறார்கள். ஓரிடத்துக்கு 10 முதல் 15 நிமிடம். தோல் சிவந்து இதமான சூடு இறங்கினால் போதும். உணர்ச்சி மரத்த உடம்பென்றால் மருத்துவர் தம் இரு விரல்களைப் பக்கத்தில் வைத்துச் சூட்டை அளக்கிறார். சாம்பலை அவ்வப்போது தட்டாவிட்டால் கங்கோடு உதிர்ந்து கொப்புளம் கிளம்பும். 'சுட்டிகை' என்று படித்தவர் சுருட்டைத் தோலிலேயே வைத்துவிடக்கூடும். 'சூடு போடுதல்' இன்னும் மோசம். மாட்டுக்குப் போடுவதுதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'கணப்பு'. குளிர்காய மூட்டும் நெருப்பின் சூடு தொடாமலே வந்து சேர்கிறதே, அதுதான் இது. இம்முறைக்குச் சீனர் வழங்கும் சொல்லான 'ஜியூ'வின் எழுத்தில் கீழே 'தீ', மேலே 'நெடுநேரம்'. மேலுறுப்பு ஒலிக்காக நிற்பது. என்றாலும் பொருளும் கூடி வருகிறது.

இதைக் 'குத்தூசியின் (அக்குபங்சரின்) துணைமுறை' என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். சீனர் சொல்வது 'ஜென்ஜியூ', அதாவது ஊசியும் தீயும். கி.மு. 168-இல் மூடப்பட்ட சீனாவின் மவாங்துய் கல்லறையில் கிடைத்த, உடம்பின் நாடிகளை விவரிக்கும் மருத்துவச் சுவடிகள் தீயைத்தான் சொல்கின்றன, ஊசியை அல்ல. ஜப்பானில் இரண்டுக்கும் இன்றும் தனித்தனி உரிமம். ஊசியை முன்னே தள்ளியது ஐரோப்பியப் பெயரீடு: 1683-இல் டென் ரைன் என்ற டச்சு மருத்துவர் லண்டனில் அச்சான தம் நூலில் வைத்த 'அக்குபங்சுரா' உலகப் பெயராகிவிட்டது. எரிக்கும் பஞ்சின் பெயரான மோக்சா என்பதோ ஜப்பானிய 'மொகுசா'வின் திரிபு.

அந்தப் பஞ்சைத் தரும் செடி ஆர்ட்டெமீசியா ஆர்கி. நம் மாசிபத்திரி அதே பேரினம் என்பதால் மோக்சாவை 'மாசிப்பஞ்சு' எனலாமா?

----

> மோக்சாவை 'மாசிப்பஞ்சு' எனலாமா?

ஐயா, கணப்புக்கு என் முழு ஒப்புதல். 'மாசி' மட்டும் வேண்டாம். இலங்கையில் மாசி என்றால் சம்பலுக்கு இடித்துப் போடும் மாலத்தீவுக் கருவாடு. மருந்துக்கடையில் மாசிக்காய் கேட்டால் தருவது இதற்குத் தொடர்பே இல்லாத வேறு சரக்கு. மாசிபத்திரியும் பேரினத்தால்தான் உறவு, இனம் வேறு. பெயரை நம்பித் தோட்டத்துச் செடியைப் பறித்துக் காயவைப்பார்கள்.

'பஞ்சு' சரி, அதை விடாதீர்கள். இலையின் அடிப்புறத்து வெண்மயிர்தான் சரக்கு. காயவைத்து, இடித்து, சலித்து, மறுபடி இடித்து நரம்பையும் தூளையும் கழித்தால் மிஞ்சுவது அதுதான். நன்றாகச் சலித்தது தணிந்த சூட்டில் சீராக எரியும். காம்புத் துணுக்கு கலந்தது வெடித்துப் பொறி தெறிக்கும். இலை பழசாக இருக்க வேண்டும் என்பதும் தொன்மையான வழக்கு: ஏழாண்டு நோய்க்கு மூன்றாண்டு இலை தேடுவதைப் பழஞ்சீன மெய்யறிஞர் மென்சியஸ் உவமையாக்கியிருக்கிறார். ஆகவே 'கணப்புப் பஞ்சு'.

----

கருவாட்டுக் குறிப்புக்கு மிக்க நன்றி. கணப்புப் பஞ்சு என்றே வைப்போம். சுருட்டினால் கணப்புச் சுருட்டு, பிடித்து வைத்தால் கணப்புக் கூம்பு. கூம்புக்கடியில் 2, 3 மி.மீ. கனத்தில் இஞ்சி நறுக்கி, ஊசியால் துளையிட்டு வைப்பது இஞ்சிக் கணப்பு. தொப்புளில் உப்பை நிரப்பி அதன்மேல் எரிப்பது உப்புக் கணப்பு. குத்திய ஊசியின் பிடியில் பஞ்சைச் செருகிக் கொளுத்தினால் கணப்பூசி. இதில் சாம்பல் நேராகத் தோலில் விழும். நடுவே கீறிய அட்டையை ஊசியைச் சுற்றி வைக்கச் சொல்லி விளக்கத்திலேயே எழுத வேண்டும். கூம்பை வெறுந்தோலில் எரித்து வடுவாக்கும் பழைய முறைக்கு மட்டும் 'கணப்புச் சுட்டிகை' நிற்கட்டும். யுனெஸ்கோ 2010-இல் பட்டியலில் சேர்த்த மரபு 'சீன மரபு மருத்துவத்தின் குத்தூசியும் கணப்பும்' ஆகும்.

ஒன்று பாக்கி. எரிக்கும் கூம்புகளைச் சீனர் 'ஜுவாங்' என்று எண்ணுகிறார்கள். ஒரு கூம்பு எரிந்து முடிந்தால் ஒரு ஜுவாங். இட்லிக்குச் சொல்லும் 'ஈடு' இங்கே பொருந்தும் என்று படுகிறது: 'முழங்காலுக்குக் கீழே ஐந்து ஈடு'. 'முறை' என்றால் ஐந்து நாள் வரச் சொன்னதாக நோயாளி எடுத்துக்கொள்வார். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.