பக்கத்து வீட்டுப் பெரியவர் விட்டுப்போன 1982 போர்தோ ஒயின் பாட்டில்கள்: விற்றால் என்ன கிடைக்கும்?

ஹாரோவாசி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆங்கிலேயப் பெரியவருக்கு ஏழு வருடமாக மருந்து வாங்கித் தருவது, குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளிவிடுவது என்று கூடமாட இருந்தோம். பிப்ரவரியில் காலமாகிவிட்டார். உயிலில் 'மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒயின் முழுவதும்' என்று என் பெயருக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அதனால் விற்கத்தான் வேண்டும், ஆனால் அவர் நாற்பது வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட மனசு வரவில்லை.

இருப்பவை: ஷாட்டோ க்ரூவோ லாரோஸ் 1982, மரப்பெட்டியோடு ஒன்பது பாட்டில் (பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும்). ஷாட்டோ மூத்தோன் ரோத்ஷில்ட் 1982 இரண்டு, 1984 ஒன்று. மற்றபடி சூப்பர் மார்க்கெட் ஸ்பானிஷ் ஒயின் ஏழெட்டு. எப்படி மதிப்புப் போடுவது, யாரிடம் போவது?

மாலைநடை:
வைன்-சர்ச்சர் தளத்தில் பெயரும் வருடமும் போட்டால் விலை வந்துவிடுமே. அதைப் பாட்டில் எண்ணிக்கையால் பெருக்கினால் முடிந்தது.

திராட்சைக்கொடி:
மாலைநடை சொல்வது தொடங்குவதற்குச் சரி, ஆனால் அங்கே நிற்கக்கூடாது. அந்தத் தளத்தில் வருவது கடைக்காரர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. கேட்கும் விலையில் அந்தப் பாட்டில் மூன்று வருடமாக விற்காமலும் கிடக்கலாம். அதோடு ஒரு கடை வரி சேர்த்துப் போட்டிருக்கும், இன்னொன்று வரி கட்டாத கிடங்கில் இருக்கும் சரக்குக்கு வரியில்லாமல் போட்டிருக்கும், இரண்டையும் ஒரே வரிசையில் பார்த்தால் கணக்கே தப்பிப்போகும். ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கும். கடந்த ஒரு வருடத்தில் இதே ஒயின், இதே வருடம் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். ரொம்பப் பழைய முடிவுகள் வேண்டாம். 2022 கடைசியில் உச்சத்துக்குப் போன சந்தை, அடுத்த இரண்டு வருடம் இறங்கிக்கொண்டே வந்தது.

இனி உங்கள் பாட்டில்கள். 1982ல் அறுவடையான போர்தோ (பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின்) என்றால் சும்மா இல்லை. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அந்த வருடத்தை ஆரம்பத்திலேயே தூக்கிப் பிடித்தார், அவர் பெயர் நிலைத்ததே அதில்தான். மூத்தோன், போர்தோ தோட்டங்களை நிலை நிலையாகப் பிரித்த 1855 தரப்பட்டியலில் இரண்டாம் நிலையில் இருந்து 1973ல் முதல் நிலைக்கு ஏறிய தோட்டம். க்ரூவோ லாரோஸ் சென்ட் ஜூலியன் ஊர்க்காரன், இரண்டாம் நிலை, அதனால் விலையில் மூத்தோன் பக்கத்தில் வராது, ஆனால் 1982 அதற்கு நல்ல பெயர் வாங்கித் தந்த வருடம். 1984 மோசமான அறுவடை. இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். மூத்தோன் 1945ல் இருந்து வருடா வருடம் லேபிளுக்கு ஒரு கலைஞரிடம் படம் வாங்குகிறது (1973ல் பிக்காஸோ, 1982ல் சினிமா இயக்குநர் ஜான் ஹியூஸ்டன்), எல்லா வருடமும் வரிசையாகச் சேர்ப்பவர்களுக்கு மோசமான வருடத்துப் பாட்டிலும் வேண்டும்.

ஆனால் இந்தப் பெயரெல்லாம் பாதிதான். மீதிப் பாதி, நாற்பது வருடம் அந்தப் பாட்டில் எங்கே படுத்திருந்தது என்பது. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான். ஒரே தோட்டம், ஒரே வருடம், ஒன்று பதின்மூன்று டிகிரி நிலவறையில் அசையாமல் கிடந்தது, இன்னொன்று பாய்லருக்குப் பக்கத்தில் கிடந்தது என்றால் இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஒவ்வொரு பாட்டிலையும் மெதுவாக நிமிர்த்தி வையுங்கள், குலுக்க வேண்டாம். பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். ஒயின் எதுவரை நிற்கிறது? போர்தோ பாட்டிலுக்குக் கழுத்தும் தோளும் தெளிவாக உண்டு, ஏலத்தில் மட்டத்தைச் சொல்வதே அதை வைத்துத்தான். இந்த வயதில் கழுத்தின் அடிவரை நின்றால் அருமை. தோளின் மேல்பக்கம் என்றாலும் வயதுக்குச் சாதாரணம். நடுத்தோளுக்கு வந்துவிட்டால் கார்க் சரியாக அடைக்கவில்லை, காற்று உள்ளே போயிருக்கிறது என்று வாங்குபவர் பயப்படுவார், விலை சரியும். அடித்தோள் என்றால் பலர் எடுக்கவே மாட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் நிறத்தையும் பாருங்கள். செங்கல் சிவப்பாகத் தெளிந்து தெரிந்தால் நல்லது, கலங்கிய பழுப்பு என்றால் போய்விட்டது. மேல்மூடித் தகட்டின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிக் காய்ந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

முக்கியம்: லேபிளைத் துடைக்காதீர்கள். ஈரக்கறை, பூஞ்சைப் புள்ளி எதுவாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். லேபிள் அழுக்கானால் விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஈரப்பதம் உள்ள இடத்தில்தான் லேபிள் கெடும், அங்கேதான் கார்க் காயாமல் இருக்கும். பளபளவென்று புதிசாக இருக்கும் லேபிளைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கணக்குப்பிள்ளை:
கையில் என்ன நிற்கும் என்பதைச் சொல்கிறேன், இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு பேச்சுக்கு, கடையில் 200 பவுண்ட் என்று போட்டிருக்கும் பாட்டில். அதை ஏலத்தில் வாங்குகிறவர் மொத்தம் 160 தருவார் என்று வையுங்கள். அந்த 160க்குள் ஏலக்காரர் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம் இருக்கிறது, அது 25 சதவீதம் என்றால் சுத்தியல் விலை (ஏலத்தில் முடிவாகும் விலை) 128. அதில் உங்களிடம் 10 சதவீதக் கமிஷன் போனால் 115. பிறகு வண்டிக்கூலி, காப்பீடு. கடை விலையில் பாதி கையில் வந்தாலே நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். விற்பவர் கமிஷன் பேசினால் குறையும், மூத்தோனைக் காட்டிப் பேசுங்கள்.

இன்னொன்று, நீங்களே ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் வேண்டும். ஏலமோ, உரிமம் உள்ள ஒயின் வியாபாரியோதான் வழி. உயில் கணக்குக்காக அந்த ஒயினுக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், பிற்பாடு லாபக் கணக்கு என்று வந்தால் அந்த எண்தான் அடிப்படை.

பழங்கிடங்கு:
ஐயா, ரசீது தேடினீர்களா? 1982 மூத்தோன் போலி செய்பவர்களுக்குப் பிடித்த சரக்கு, வாங்குபவர் முதலில் கேட்பதே ரசீதைத்தான். 1985ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787 லாஃபீட் (இன்னொரு பெரிய போர்தோ தோட்டம்) என்று ஒரு பாட்டிலை 1,05,000 பவுண்டுக்கு வாங்கினார்கள், அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுடையது என்று சொன்ன கதையைப் பிற்பாடு யாராலும் நிரூபிக்க முடியவில்லை. போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவான் கதை இன்னும் பெரியது. 2008ல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பிய போன்ஸோ தோட்டத்து க்ளோ சென்ட் டெனி பாட்டில்களில், அந்தத் தோட்டம் அந்த ஒயினைச் செய்யவே தொடங்காத வருடங்கள் அச்சாகி இருந்தன. தோட்டக்காரர் லோரான் போன்ஸோ பிரான்ஸில் இருந்து நேரில் வந்து நின்று அவற்றை ஏலத்தில் இருந்து எடுக்க வைத்தார். 2013ல் குர்னியவான் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த வருடம் பத்து வருடச் சிறை.

நானும் பட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரியிடம் 1990 போர்தோ ஆறு பாட்டில் வாங்கினேன், 'ஒரே வீட்டுச் சரக்கு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி. முதல் பாட்டிலைத் திறந்தேன், கார்க்கில் தோட்டத்தின் பெயர் இருந்தது, வருடம் இருக்க வேண்டிய இடம் சுரண்டி மழுங்கியிருந்தது. மீதி ஐந்தை விற்கப் போன இடத்தில் எல்லாம் கேட்ட ஒரே கேள்வி, ரசீது எங்கே. அந்த ஐந்தும் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கின்றன. பெரியவரின் பழைய கடிதக் கட்டு, வங்கி ஃபைல் எதையும் வீசிவிடாதீர்கள்.

ஹாரோவாசி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். க்ரூவோ ஒன்பதில் ஆறு கழுத்தின் அடியில் நிற்கின்றன, இரண்டு தோளின் மேல்பக்கம், ஒன்று மட்டும் நடுத்தோளுக்கும் கீழே, அதன் மூடியோரத்தில் கறுப்பாகக் காய்ந்த தடம் இருக்கிறது. மூத்தோன் 1982 இரண்டும் கழுத்தின் அடி. 1984 தோளின் மேல்பக்கம். லேபிள்களில் தேநீர் சிந்திய மாதிரி கறை. அந்தப் படிக்கீழ் அறை வடக்குச் சுவரை ஒட்டியது, கதவைத் திறந்தாலே சில்லென்று அடிக்கும், ரேடியேட்டர் கிடையாது.

அப்புறம், பழங்கிடங்கு அண்ணன் சொன்னதற்காகவே மரப்பெட்டியை முழுக்க வெளியே எடுத்தேன். அடியில் வைக்கோல் மாதிரி ஏதோ, அதற்குக் கீழே ஒரு பழுப்பு உறை. 1983ல் லண்டன் ஒயின் வியாபாரி ஒருவர் போட்ட பில், க்ரூவோ பன்னிரண்டு, மூத்தோன் இரண்டு என்று தட்டச்சில். 1985ல் வீட்டில் இறக்கியதற்கான சீட்டும் கூடவே. பில்லின் ஓரத்தில் பென்சிலில் மூன்று தேதிகள், பக்கத்தில் 'ஒன்று' 'ஒன்று' என்று ஆங்கிலத்தில். திறந்த பாட்டில்களைக் குறித்திருக்கிறார் போல, ஒரு தேதி அவர் மனைவி பிறந்தநாள், எனக்குத் தெரியும்.

திராட்சைக்கொடி:
அந்த உறை இருக்கிறதே, அதுதான் உங்கள் மூலப்பத்திரம். போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே பீப்பாயில் இருக்கும்போது விற்றுவிடுவார்கள், பாட்டிலில் அடைத்துக் கைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். 1983 பில், 1985 சீட்டு, இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. 1982 பாட்டில்கள் எல்லாம் ஒரே வியாபாரி, ஒரே வீடு, ஒரே அறை. வீட்டில் இருந்த சரக்கு, கிடங்குச் சரக்கு இல்லை என்பதற்கு வழக்கமாகப் பிடிக்கும் தள்ளுபடியை இந்தக் காகிதம் நன்றாகவே குறைக்கும்.

செய்ய வேண்டியது: பில், சீட்டு, பென்சில் குறிப்பு உட்படத் தெளிவாகப் படம் எடுங்கள். பாட்டில்களைக் கழுத்து தெரிய வெளிச்சத்தின் முன்னால் தனித்தனியாக எடுங்கள், அந்த அறையையும் எடுங்கள். மூன்று ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள், மதிப்பீட்டுக்குக் காசு கேட்காதவர்களாகப் பார்த்து. மூத்தோன் இரண்டையும் ஒரே லாட்டாகவும் (சேர்த்து ஏலம் விடும் தொகுதி), நல்ல க்ரூவோ எட்டையும் மரப்பெட்டியோடு இன்னொரு லாட்டாகவும் போடச் சொல்லுங்கள். குறைந்தபட்ச விலை வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் வந்து எடுக்கும்வரை பாட்டில்களைப் பழையபடி படுக்க வைத்து அதே அறையில் விடுங்கள், பத்திரம் என்று சமையலறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஸ்பானிஷ் பாட்டில்கள் விற்கப் போகாது, குடிக்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒழுகிய அந்த ஒன்பதாவதை லாட்டில் சேர்க்காதீர்கள், அது மற்ற எட்டின் விலையையும் இழுக்கும்.

ஹாரோவாசி:
இன்று காலையே படங்களை மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒன்பதாவதை விற்கவில்லை. பெரியவரின் தங்கை அடுத்த மாதம் யார்க்கில் இருந்து வருகிறார், அவருக்கு ஒயின் பிடிக்கும், அவருக்காகத் திறக்கலாம் என்று இருக்கிறேன். எப்படித் திறப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பழங்கிடங்கு:
இரண்டு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். சாதாரண திருகாணி போட்டால் நாற்பது வருடக் கார்க் பொடிந்து உள்ளே விழும், கார்க்கின் இரண்டு பக்கமும் இறங்குகிற இரட்டைத் தகட்டுத் திறப்பான் வாங்குங்கள். கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றுங்கள், கழுத்தருகே வண்டல் வரும்போது நிறுத்திவிடுங்கள். ஊற்றியதும் அவருக்குக் கொடுங்கள், இந்த வயது ஒயினுக்கு மணம் நிற்கும் நேரம் குறைவு. வினிகர் வாடை அடித்தாலும் கார்க்கைத் தூக்கிப் போடாமல் அந்த பில்லோடு சேர்த்து வையுங்கள். அதில் தோட்டத்தின் பெயரும் 1982ம் அச்சாகி இருந்தால் ஒரு படம் எடுத்து ஏலக்காரருக்கும் அனுப்புங்கள்.