‘கர்னல் போதாமை’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

புதிய நிரலகம் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு, library) பழைய கர்னலின் (இயங்குதளத்தின் மையநிரல், kernel) மேல் ஓட மறுக்கும் நிலைக்கு ‘ஒத்திசைவின்மை’, ‘பழங்கர்னல் சிக்கல்’ என்ற இரண்டு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கர்னலுக்கே தமிழ்ச் சொல் காண்பது தனி வழக்கு. அதை இங்கே இழுக்கவில்லை.

‘ஒத்திசைவின்மை’ என்றால் இருபுறமும் சமமாகப் பொருந்தவில்லை என்றாகும். இங்கே உறவு அப்படிச் சமமானதன்று. பழைய நிரல்கள் புதிய கர்னலில் உடைந்துவிடக் கூடாது என்பதை லினக்ஸ் உருவாக்குநர்கள் கண்டிப்பான நெறியாக வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய நிரலகம் புதிய கர்னலின் மேல் பெரும்பாலும் தொல்லையின்றி ஓடும். சிக்கல் எதிர்த்திசையில்தான். லினக்ஸ் நிரல்கள் பரவலாகச் சார்ந்திருக்கும் குனு சி நிரலகத்தைத் (glibc) தொகுக்கும்போதே, அது எதிர்பார்க்கும் மிகக் குறைந்த கர்னல் பதிப்பு அதில் குறிக்கப்படுகிறது. 2017இல் வெளிவந்த அந்நிரலகத்தின் 2.26ஆம் பதிப்பு, எக்ஸ்86 வகைச் செயலி கொண்ட கணினிகளுக்கான அந்த எல்லையை 2.6.32இலிருந்து 3.2க்கு உயர்த்தியது. அதன் விளைவாக, 2.6.32 கர்னலையே நம்பியிருந்த வழங்கிகளில், இந்த நிரலகத்தோடு பிணைந்த நிரல்கள் தம் வேலையைத் தொடங்கும் முன்பே, கர்னல் மிகப் பழையது என்ற ஒற்றை வரிச் செய்தியோடு நின்றுபோயின. கொள்கலன்களில் (நிரலையும் அதன் நிரலகங்களையும் ஒன்றாகக் கட்டித் தனித்து ஓட்டும் பொதிகள், containers) குழப்பம் இன்னும் கூடும்: உள்ளே நிரலகம் புதியது, கர்னலோ வெளியே இருக்கும் கணினியுடையது.

அப்படியானால் ‘பழங்கர்னல்’ சரிதானே என்று கேட்கலாம். சில லினக்ஸ் வழங்கல்கள் (distributions) பிந்தைய வசதிகளைப் பழைய எண்ணுள்ள கர்னலிலேயே கொண்டுவந்து சேர்க்கின்றன. 2022இல் 2.36ஆம் பதிப்பில் நீக்கப்படும் வரை குனு சி நிரலகத்தில் இருந்த, எண்ணை மட்டும் பார்க்கும் சோதனை அவற்றையும் தடுத்துவிடும். அகவை இங்கே சரியான அளவுகோல் அன்று.

எனவே குறைந்தபட்சப் பதிப்பைக் ‘கர்னல் தாழ்வரம்பு’ என்றும், அதை எட்டாத நிலையைக் ‘கர்னல் போதாமை’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. போதாமை என்றதுமே யாருடைய தேவைக்கு என்ற கேள்வி எழுகிறது. தேவை நிரலகத்துடையது, குறை கர்னலுடையது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

இச்சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் வரையறுக்க வேண்டும். 2021இல் வந்த குனு சி நிரலகத்தின் 2.34ஆம் பதிப்பு, புதிய இழைகளை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகளை, threads) உருவாக்க, 5.3 கர்னலில் அறிமுகமான குளோன்3 (clone3) என்ற, கர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பை (system call) முதலில் முயலும்; அப்படி ஓர் அழைப்பே இல்லை என்று விடை வந்தால் பழைய அழைப்புக்குத் திரும்பும். ஆனால் சில கொள்கலன்களின் பாதுகாப்பு வடிகட்டிகள் (எந்த அழைப்புகளை அனுமதிப்பது என்று முடிவு செய்பவை), ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘அனுமதி இல்லை’ என்றன. நிரலகம் பழைய வழிக்குத் திரும்பாமல் இழை உருவாக்கமே தோற்றது. வசதி உள்ள கர்னலிலும் நேர்ந்த இதை ‘அழைப்பு மறுப்பு’ என்று தனியே பதிவு செய்வதே முறை.

‘போதாமை’ வினையாகவும் எளிதில் வளையும்: “கர்னல் போதவில்லை, குறைந்தது 3.2 தேவை” என்று பிழைச்செய்தியிலேயே எழுதிவிடலாம். ‘தாழ்வரம்பு’ சற்றுக் கடினமாக ஒலிக்கிறது என்பவர்கள் மாற்று கூறினால் அதை விட்டுக்கொடுக்க எனக்குத் தடையில்லை.