அத்தையின் படம் எங்கே?

நம் வீட்டு ஆட்கள் (குழு)

சனி

நான், இரவு 9:04: பெரியப்பா, நீங்கள் கொடுத்த டிரிப் 35 பிலிம் கேமராவை நாளை அருவிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். பேட்டரி போடும் இடமே தெரியவில்லையே?

பெரியப்பா, 9:06: அதற்குப் பேட்டரியே கிடையாது கண்ணு. லென்ஸைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கண்ணாடி வளையம் இருக்கிறது பார், அதற்குள் செலினியம். வெளிச்சம் பட்டால் கொஞ்சம் மின்சாரம் வரும், உள்ளே ஒரு முள் அசையும். அது போதும். 1967இல் ஒலிம்பஸ் கொண்டுவந்தது.

தம்பி, 9:07: அப்போதே சோலார் 😄

நான், 9:10: ரோல் போட்டுவிட்டேன். 36 படம், 400.

பெரியப்பா, 9:11: லென்ஸ் வளையத்தில் ஏஎஸ்ஏ எண்ணை, அதாவது ரோல் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்கிற எண்ணை, 400க்குத் திருப்பினாயா? இப்போதைய ரோல் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும். பின்னால் வந்த கேமராக்கள் அதைப் படித்துத் தாமே வைத்துக்கொள்ளும். இது அதற்கெல்லாம் முந்தியது, நீதான் சொல்லவேண்டும்.

நான், 9:12: ஐயோ, 25இல் இருக்கிறது. மாற்றிவிட்டேன்.

நான், 9:15: ஆனால் பட்டன் அமுங்க மாட்டேன் என்கிறது. எட்டிப் பார்க்கிற ஓட்டையில் சிவப்பாக ஏதோ எழும்புகிறது.

பெரியப்பா, 9:17: பயப்படாதே, கெட்டுப்போகவில்லை. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது, வீணாக ஒரு படம் போக வேண்டாம் என்று தடுக்கிறது. வளையத்தை ஏ-யிலிருந்து (தானே அளவு வைத்துக்கொள்வது) 2.8க்குத் (லென்ஸை அகலத் திறப்பது) திருப்பு, அமுங்கும். படம் எண்ணும் சாளரத்தில் 1 வரும்வரை சுற்றி அமுக்கு. அப்புறம் மறக்காமல் ஏ-க்கே திரும்பிவிடு.

பெரியப்பா, 9:18: முக்கியமான விஷயம். சுற்றும்போது இடது பக்கக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ரோல் பல்லில் மாட்டவில்லை. நான் ஒரு தடவை 36 தாண்டி, 38, 39 என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். திறந்து பார்த்தால் ரோல் டப்பாவை விட்டு அசையவே இல்லை.

அத்தை, 9:20: அது என் பிறந்தநாள் அண்ணா.

அத்தை, 9:20: ஒரு படம் இல்லை.

பெரியப்பா, 9:26: தெரியும்மா.

நான், 9:27: குமிழ் சுழல்கிறது!

ஞாயிறு

பெரியப்பா, காலை 8:30: கிளம்பியாச்சா? முட்டி வலி இல்லையென்றால் நானும் வந்திருப்பேன். தூரத்தைக் கவனி. இதில் தானாக போகஸ் ஆகாது. லென்ஸில் நான்கு குறி: ஒரு ஆள் என்றால் 1 மீட்டர், இரண்டு பேர் 1.5, கும்பல் 3, மலை என்றால் தொலைவு. நல்ல வெயிலில் கும்பல் குறியிலேயே விட்டுவிடு, ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக வரும். நிழலில் அது நடக்காது, லென்ஸ் அகலமாகத் திறந்துகொள்ளும்.

நான், 10:41: 14 ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது, போனில் இந்நேரம் நூறு தட்டியிருப்பேன்.

அத்தை, 10:44: என்னை எடுத்தாயே, அதைக் குழுவில் போடு.

நான், 10:45: அத்தை, ரோல் முழுதும் முடிந்து, கழுவி வந்தால்தான் தெரியும்.

அத்தை, 10:46: சரி. சாயங்காலம் போடு.

நான், 11:20: பெரியப்பா, அருவிக்கு முன்னால் நின்றால் முகம் கறுத்துப்போகுமா? பின்னால் ஒரே வெள்ளை.

பெரியப்பா, 11:22: போகும். வெள்ளையைப் பார்த்து அது ஏமாந்துவிடும். கேமராவை அவர்கள் காலடியில் இருக்கும் பாறைப் பக்கம் தாழ்த்தி, பட்டனைப் பாதி அமுக்கு. விடாமல் அப்படியே நிமிர்த்தி, மீதியை அமுக்கு. பாறைக்கு எடுத்த வெளிச்ச அளவு அப்படியே நிற்கும்.

நான், 11:30: அதே மாதிரி அத்தையை 4 எடுத்தேன், 19 முதல் 22 வரை. அற்புதமாக நின்றார்கள்.

அத்தை, 11:31: அந்த நாலையும் போடு.

தம்பி, 11:48: அக்கா குழுவில் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். வாண்டு பின்மூடியைத் திறந்துவிட்டான்.

நான், 11:48: ஒரு நொடிதான்!! உடனே மூடிவிட்டேன். எண் திரும்ப ஆரம்பத்துக்கு, எஸ்-க்குப் போய்விட்டது. 36ம் போச்சா பெரியப்பா?

பெரியப்பா, 11:51: அழாதே. எடுத்த படங்கள் வலது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். வெளிச்சம் மேல் சுற்றைத்தான் தின்னும், அதாவது கடைசியாக எடுத்தவை. அடியில் இருப்பவை தப்பிக்கும். எடுக்காத ரோல் டப்பாவுக்குள் பத்திரம். இன்னொரு தடவை திறந்து பார்க்காதே. இரண்டை வீணாகச் சுற்றிவிட்டு மேலே எடு, இன்னும் 12 இருக்கும்.

சித்தி, 11:53: கடைசியாக எடுத்தது யாரை?

(அத்தை ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

நான், மதியம் 1:05: குகைக்குள் சிவப்பு வந்தது, 2.8 வைத்து எடுத்தேன்.

பெரியப்பா, 1:07: அதில் ஷட்டர் 1/40 நொடி திறந்திருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கு.

நான், 1:40: இன்னொரு குட்டிச் சோகம். லென்ஸ் மூடியோடு இரண்டு எடுத்துவிட்டேன். பார்க்கிற ஓட்டை தனியாக இருப்பதால் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது.

பெரியப்பா, 1:42: குகையை விட்டு வந்ததும் ஏ-க்குத் திரும்பவில்லை, அதுதான். ஏ-யில் இருந்திருந்தால் மூடி செலினியத்தையும் மறைத்து, சிவப்பு எழும்பி, அங்கேயே பிடித்திருக்கும்.

நான், 4:15: 36 முடிந்தது, இறுகிவிட்டது.

பெரியப்பா, 4:16: வலிந்து இழுக்காதே. அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கு, இடது குமிழின் கைப்பிடியை விரித்து அம்புக்குறிப் பக்கம் சுற்று. கை லேசாகும்வரை. அப்புறம்தான் மூடி திறக்கலாம். வாண்டு பக்கத்தில் இருக்கிறானா?

தம்பி, 4:17: தூங்குகிறான். இப்போது திற.

அடுத்த வாரம், வெள்ளி

நான், மாலை 6:02: லேபிலிருந்து ஸ்கேன் வந்துவிட்டது!! 36இல் 27 வந்திருக்கிறது. போடுகிறேன்.

(நான் 27 படங்களை அனுப்பினேன்)

சித்தி, 6:10: மரத்தடியில் நிற்பது யார்? தலையே இல்லை.

அம்மா, 6:11: நான்தான். சேலையை வைத்துத் தெரியவில்லையா?

பெரியப்பா, 6:13: கிட்டப்போய் எடுத்திருக்கிறாள். எட்டிப் பார்க்கிற ஓட்டை லென்ஸுக்கு மேலே இருக்கிறது, ஒரு மீட்டரில் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காது. உள்ளே சட்டத்தில் கீழே இன்னொரு கோடு இருக்கும், கிட்ட எடுக்கும்போது தலை அதற்குள் இருக்க வேண்டும். அதை நான் சொல்ல மறந்துவிட்டேன். குகை படம் பிரமாதம் கண்ணு, கை ஆடவே இல்லை.

அத்தை, 6:20: என் நாலு எங்கே?

நான், 6:24: 20, 21, 22 மூன்றும் வெள்ளையாகிவிட்டன அத்தை. 19இல் மட்டும் இடது பாதி இருக்கிறது. மீதி ஆரஞ்சு நிறம். இதோ.

சித்தி, 6:25: வாண்டுவின் கைவண்ணம். யார் பேரன்?

அத்தை, 6:31: 19ஐப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடு.

பெரியப்பா, 6:32: அதில் அரை முகம்தானே இருக்கிறது?

அத்தை, 6:33: நீ எடுத்த பிறந்தநாளைவிட அரை முகம் அதிகம் அண்ணா.