திருப்பூட்டும் நேரத்தில் தீர்ந்துபோன 1.5 ஜிபி

கொத்தமங்கலம் பேரன்:
தங்கச்சி கல்யாணம், எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் (நடு முற்றம்). பினாங்கில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் வீடியோ காலில் அவரைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தேன். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரம், அப்பத்தா போனை வாங்கிப் பிள்ளை பக்கம் திருப்பினார்கள். கெட்டிமேளம். சித்தப்பா முகம் கண்ணை மூடியபடி அப்படியே நின்றுவிட்டது. ‘இன்றைய டேட்டா தீர்ந்தது’ என்று மெசேஜ். பின்கட்டில் பையன்கள் என் ஹாட்ஸ்பாட்டில் கிரிக்கெட் ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் 64 கேபிபிஎஸ்தான். ஒரு எம்பி போட்டோ போகவே இரண்டு நிமிடம், வீடியோ எங்கே ஓடும்?

பள்ளத்தூர் அண்ணன்:
தம்பி, டேட்டா மேல் பழி போடாதீங்க. நம் வீட்டுச் சுவருக்குள் எந்த சிக்னல் நுழைந்திருக்கிறது? இரண்டாம் கட்டில் நின்று ஓடிபிக்குக் காத்திருந்தேன், வரவில்லை. முகப்புக்கு ஓடினேன், வந்தது, நேரம் முடிந்திருந்தது. என் கதை அவ்வளவுதான். இனி இப்படிச் செய்யுங்கள். வாட்ஸப்பில் ஆட்டோ டவுன்லோடை அணையுங்கள் (அத்தைமார் அனுப்பும் காலை வணக்கமே பாதியைத் தின்றுவிடும்). வீடியோவை 480ல் பாருங்கள். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டைப் பையன்களிடம் சொல்லவே கூடாது. வைஃபை போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வையுங்கள். 5 வேகம்தான், ஆனால் சுவர் தாண்டத் திணறும். அதைவிட, பின்கட்டு வரை லேன் ஒயர் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டர் மாட்டலாம். சுவரை மட்டும் துளைக்காதீர்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் திரும்பப் பூச ஆள் தேடி அலையணும்.

தேவகோட்டைப் பக்கம்:
ரூட்டர் மாட்ட முதலில் லைன் வரணுமே அண்ணே! பாரத்நெட் (அரசின் கிராம இணையத் திட்டம்) பைபர் பஞ்சாயத்து வரைக்கும் வரும், அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க ஆள் பிடிக்கணும். கேபிள்காரரைக் கூட்டிவந்து தெருவைக் காட்டினேன். பதினாலு வீட்டில் திறந்திருப்பது மூணு. ஒவ்வொரு பூட்டாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தார். ‘பூட்டுக்கா நெட்டு குடுக்கச் சொல்றீங்க?’ என்றார். எனக்கு வாயே வரலை.

கொத்தமங்கலம் பேரன்:
பள்ளத்தூர் அண்ணே, வளவுக்கு மேலே வானம்தானே, சுவர் எங்கே வந்தது? சிக்னல் கோடு நாலும் இருந்தது. யோசனைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. சாயங்காலம் அப்பத்தா சித்தப்பாவிடம் சாதா காலில் பேசினார்கள். ‘அந்த நேரத்துல கண்ண மூடிச் சாமி கும்பிட்டியேப்பா, அது போதும்.’ நான் போன் பக்கமே போகவில்லை.